படகுத் தளம் வழுக்குகிறதா, உரிகிறதா? குறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கலாம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்து இறங்குவது அந்த நாட்களில்தான். ஃபைபர் படகுக்காரர்களும் அதே பெயின்டரைத்தான் அப்போது தேடிக்கொண்டிருப்பார்கள். ஜூலை பிறந்ததும் புகார் வரத் தொடங்கும். “அண்ணே, புது பெயின்ட்தான், காலை வச்சா வழுக்குது.” “அண்ணே, மீன் கூடையை இழுத்தேன், பெயின்ட் பாய் மாதிரி சுருட்டிக்கிட்டு வந்துடுச்சு.” எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: “எந்தப் பெயின்ட் அடிச்சா நிக்கும்?”

பெயின்டரான நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. குற்றம் பெரும்பாலும் டப்பாவுக்குள் இருக்காது, பெயின்டுக்கு அடியில் இருக்கும். அடியைப் பார்க்காமல் விலை கூடிய டப்பாவை வாங்கி அதே தளத்தின் மேல் அடித்தால், உரிவதும் விலை கூடியதாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு பிளேடு, பார்சல் ஒட்டும் டேப், ஒரு நாணயம், தின்னர் நனைக்க இரண்டு துணி, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு படகுக்குப் போங்கள். உங்கள் தளம் காட்டும் குறி எதுவோ அந்த இடத்திலிருந்து படித்தால் போதும்.

பெயின்ட் நன்றாக ஒட்டியிருக்கிறது, ஆனால் வழுக்குகிறது

முதலில் ஒரு முழம் சதுரத்தை மட்டும் கழுவுங்கள். சோப்புத் தூளும் கட்டையான நார் பிரஷும் போதும். நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு அதன் மேல் வெறுங்காலில் நின்று பாருங்கள். பிறகு பக்கத்தில் கழுவாத இடத்தில் நில்லுங்கள். கழுவிய இடத்தில் கால் பிடித்தால் பெயின்டுக்கு ஒரு கோளாறும் இல்லை. மீனின் கொழகொழப்பும், செதிலும், இன்ஜினிலிருந்து சிந்திய டீசலும், கால் பிடிக்கப் பெயின்டோடு போட்ட மணலுக்கு இடையில் இருக்கும் பள்ளங்களை அடைத்துவிட்டன. கடல் தண்ணீரை வாளியில் வீசுவது இதற்குப் போதாது. பிரஷ் போட்டே ஆக வேண்டும். வாரம் ஒரு முறை தேய்த்தால் பெயின்டர் செலவு மிச்சம்.

கழுவியும் வழுக்கினால் விரல் நுனியால் தடவுங்கள். மணல் இருக்கிறது, ஆனால் முனைகள் மொழுமொழுவென்று இருக்கிறதா? மணலுக்கு மேல் அடித்த கோட்டு அதிகமாகிவிட்டது. பளபளப்பு வரட்டும் என்று மூன்றாவது கோட்டும் இழுத்திருப்பார்கள், மணல் அதில் மூழ்கிப் போயிருக்கும். உப்புத்தாள் போட்டு மேலே ஒரு மெல்லிய கோட்டு அடித்து, அந்த ஈரத்திலேயே புதிதாக மணல் தூவி, அதன் மேல் ஒரே ஒரு கோட்டோடு நிறுத்துங்கள்.

ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழுவழுப்பு என்று திட்டுத் திட்டாக இருந்தால், மணலைப் பெயின்டில் கலந்து அடித்தவர் கிளறாமல் அடித்திருக்கிறார். மணல் டப்பாவின் அடியில் தங்கிவிடும். முதல் பாதி டப்பா வெறும் பெயின்ட், கடைசிப் பாதி வெறும் மணல்.

தோல் தோலாக உரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், தவறாகப் பழி போடப்படுவதும் இதில்தான். உரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

பின்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக, சுத்தமாக இருக்கிறது. கீழே படகின் ஜெல்கோட்டும், அதாவது ஃபைபரின் பளபளப்பான மேல் அடுக்கும், அதே போல மினுமினுக்கிறது. இது புது ஃபைபர் படகில் வரும். அச்சிலிருந்து படகு எளிதாகக் கழன்று வர மெழுகு தடவுவார்கள். அந்த மெழுகு ஜெல்கோட்டின் மேல் அப்படியே தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது. சந்தேகம் இருந்தால் தண்ணீரைத் தெளியுங்கள். பரவி மெல்லிய தகடாக நின்றால் தளம் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது.

இங்கே வரிசை முக்கியம். பலர் நேராக உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். தேய்க்கும்போது மெழுகு கீறல்களுக்குள் இறங்கி இன்னும் நன்றாகப் பதிந்துவிடும். முதலில் தின்னரோ அசிட்டோனோ தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அது காயும் முன் காய்ந்த வேறொரு துணியால் உடனே ஒரு துடைப்பு. ஒரே துணியால் படகு முழுக்கத் துடைத்தால் மெழுகை இடம் மாற்றுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம். திரும்பவும் தண்ணீர் தெளித்து, உருளாமல் பரவிய பிறகுதான் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாள். மினுமினுப்பு ஒரு இடத்திலும் மிஞ்சக் கூடாது. தளம் முழுக்கச் சுண்ணாம்பு பூசிய சுவர் போல மங்கலாக வர வேண்டும்.

உரிந்த துண்டின் பின்பக்கம் பழைய பெயின்டும் சேர்ந்து வந்திருந்தால் கதை வேறு. உங்கள் புதுப் பெயின்ட் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. பழையது படகை விட்டுவிட்டது. மிச்சமிருக்கும் இடங்களில் பிளேடால் அடித்தளம் வரை பெருக்கல் குறி போல இரண்டு கோடு கிழித்து, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கோட்டு ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்து வந்தால் அந்தத் தளத்தில் பழையது எதையும் நம்ப வேண்டாம், முழுக்கச் சுரண்டி எடுங்கள். டேப் வெறுமையாக வந்தால் உரிந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பின்பக்கம் மாவு மாதிரி தூள் ஒட்டியிருந்தால் தேய்த்த பிறகு தூசியைத் துடைக்கவில்லை. பிசுபிசுவென்று இருந்தால் எண்ணெய். மரப் படகில் இது சகஜம். முந்திரி ஓட்டு எண்ணெயும் மத்தி எண்ணெயும் மரத்தைக் காக்கப் பூசி வந்தவை, மரத்துக்கு நல்லவைதான். ஆனால் எண்ணெய் குடித்த பலகை மேல் பெயின்ட் நிற்காது. அந்தப் படகில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெயோடு தொடர விரும்பினால், நிற்கும் இடத்தில் மட்டும் குறுக்குச் சட்டம் அறைந்துவிடுங்கள். கால் பிடிக்க அது போதும், எனக்குக் கேட்டால் நல்ல யோசனையும் அதுதான்.

எண்ணெய் இல்லாத மரத்தில் உரிந்தால் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ராத்திரி ஒட்டி வையுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் பலகை இன்னும் காயவில்லை. காத்திருங்கள்.

மணல் மட்டும் கழன்று வருகிறது

பெயின்ட் நிற்கிறது, கால் வைத்தால் மணல் உருளுகிறது. மூன்று காரணம்தான். பெயின்ட் மேலே ஆடை கட்டிய பிறகு தூவியிருப்பார்கள். அல்லது தூவிய பிறகு மேல்கோட்டு அடிக்கவில்லை. அல்லது மணல் ஈரமாக இருந்தது. மே மாத வெயிலில் ஆடை கட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதனால் ஒருவர் ரோலர் ஓட்டும்போதே பின்னால் இன்னொருவர் தூவிக்கொண்டே வர வேண்டும். தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.

தூவுவதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. கோலப்பொடி தெளிப்பது போல அங்கொன்றும் இங்கொன்றும் போடாதீர்கள். ஈரப் பெயின்ட் கண்ணில் படாத அளவுக்கு மூடிவிடுங்கள். அது தனக்கு வேண்டிய மணலைத்தான் பிடித்துக்கொள்ளும். மறுநாள் துடைப்பத்தால் கூட்டினால் மீதி வந்துவிடும், அதைச் சலித்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். டால்க் பவுடர் டப்பாவின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தூவ அருமையான சாமான்.

கடற்கரையில் இவ்வளவு மணல் இருக்க எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதில் உப்பு இருக்கிறது, சிப்பித் தூள் இருக்கிறது. உப்பு பெயின்டுக்கு அடியில் இருந்துகொண்டு ஈரத்தை உள்ளே இழுக்கும், கொப்புளம் கிளம்பும். தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கு விற்கிற ஃபில்டர் மணல் வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்துச் சலித்தால் போதும்.

அடித்த கொஞ்ச நேரத்தில் பெயின்ட் சுருங்கிச் சுருங்கி எழும்புகிறது

பழைய எனாமல் மேல் இரண்டு டப்பாப் பெயின்டை, அதாவது கெட்டியாக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிற எபாக்சியையோ பி.யு.வையோ (பாலியூரித்தேன்) அடித்திருக்கிறீர்கள். அதன் தின்னர் கடுமையானது, எனாமலை இளக்கித் தூக்கிவிடும். வந்த பிறகு வைத்தியம் இல்லை, சுரண்டத்தான் வேண்டும். வரும் முன் பார்க்க வழி உண்டு. பி.யு. தின்னரில் நனைத்த துணியைப் பழைய பெயின்ட் மேல் ஐந்து நிமிடம் வைத்து, நகத்தால் கீறுங்கள். இளகிக் கையோடு வந்தால் எனாமல். அதன் மேல் எனாமலோ ஒற்றை டப்பா டெக் பெயின்டோ அடியுங்கள், இல்லை என்றால் முழுக்க எடுத்துவிடுங்கள். அசையாமல் இருந்தால் எது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

கொப்புளம்

ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே காய்ந்து வெறுமையாக இருந்தால் வெயில் செய்த வேலை. மதிய வெயிலில் காய்ந்த தளத்தில் உள்ளங்கையை வைக்க முடியாது. அதன் மேல் அடித்தால் மேல்பக்கம் உடனே காய்ந்து, அடியில் சிக்கிய தின்னர் ஊதிவிடும். உள்ளே தண்ணீர் இருந்தால் உப்புதான் காரணம்: கடல் தண்ணீரில் கழுவிய தளத்தை நல்ல தண்ணீரில் அலசாமல் அடித்திருக்கிறார்கள்.

கொப்புளத்தைச் சுற்றிக் கால் வைத்தால் தளம் லேசாக அமுங்குகிறதா? நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று சொல்லும். கெட்ட இடம் நனைந்த அட்டை போல ‘தொப் தொப்’ என்னும். ஃபைபருக்கு நடுவே பிளைவுட் வைத்த தளங்களில் ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிப் பலகை ஊறிப்போயிருக்கும். அதைப் பெயின்ட் சரி செய்யாது. தளத்தை அறுத்துப் பலகை மாற்றுகிற வேலை அது, டப்பா வாங்கப் போன காலை ஃபைபர் பட்டறைக்குத் திருப்புங்கள்.

நாலு நாள் ஆகியும் பிசுபிசுக்கிறது

எனாமல் என்றால் ஒரே தடவையில் கனமாக அடித்துவிட்டார்கள், மேலே ஆடை, உள்ளே குழம்பு. காற்றோட்டத்தில் விட்டால் மெதுவாகக் காயலாம், காயாவிட்டால் சுரண்டல்தான்.

பி.யு. என்றால் எந்தத் தின்னர் கலந்தீர்கள் என்று கேட்பேன். ஒரு தடவை எனக்கே நடந்தது. கடையில் பி.யு. தின்னர் தீர்ந்துபோய், “எல்லாம் ஒண்ணுதான்” என்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டுக்கான தின்னரைக் கொடுத்தார்கள், நானும் வாங்கி வந்தேன். அதில் ஆல்கஹால் உண்டு. ஹார்டனர் பெயின்டோடு சேர வேண்டியதை விட்டு ஆல்கஹாலோடு சேர்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் அந்தத் தளத்தில் பெருவிரல் ரேகை பதிந்தது. மூன்று நாள் சுரண்டினேன், கூலி கேட்க வாய் வரவில்லை.

எபாக்சி மேல் எண்ணெய் தடவியது போல மெல்லிய பிசுபிசுப்பு, அடியில் கெட்டி. இது ஈரக் காற்றில் ஹார்டனர் செய்கிற வேலை, பயப்பட வேண்டாம். தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவாமல் மேல்கோட்டு அடித்தால் அது உரியும்.

இன்னொன்று உண்டு. சில பட்டறைகளில் மிஞ்சின ஜெல்கோட்டிலேயே மணல் கலந்து தளத்துக்கு அடித்துவிடுகிறார்கள். காற்று பட்டால் ஜெல்கோட்டின் மேல்பரப்பு முழுசாகக் கெட்டியாகாது. அச்சில் அடிக்கும்போது அந்தப் பக்கம் காற்று இல்லை, மேலே அடிக்கும்போது உண்டு. கடைசிக் கோட்டில் அதற்கென்று விற்கிற மெழுகுக் கரைசலைக் கலந்தால்தான் காயும். அப்படி மெழுகு கலந்து காய்ந்த தளத்தின் மேல் பிறகு பெயின்ட் அடிக்கப் போனால், மேலே சொன்ன மெழுகுக் கதை முதலிலிருந்து.

கால் எரிகிறது, முட்டி கீறுகிறது, வலை சிக்குகிறது

டெக் பெயின்ட் செய்கிற கம்பெனிகள் பலவும் ஷூ போட்ட காலை நினைத்துத்தான் செய்கின்றன. நம் படகில் வேலை வெறுங்காலில். வலை பிரிக்க மண்டியிட்டு உட்கார்கிறோம். அலுமினியம் ஆக்சைடு துகள் கப்பல் இரும்புத் தளத்துக்கும் பூட்ஸுக்கும் சரி, வெறும் முட்டிக்கு அது ரம்பம். வெறுங்காலுக்கு ரவை அளவு மணல் போதும். மாவு சல்லடையில் தங்கி, ரவை சல்லடையில் இறங்குகிறதே அந்தப் பருமன். கடுகு அளவு வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் முழுக்க எடுக்கத் தேவையில்லை. 80 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, அழுத்தாமல் இரண்டு இழுப்பு இழுத்தால் கூர் முனைகள் மழுங்கும். மேலே ஒரு கோட்டு. மணல் கலந்த பெயின்டைத் தேய்க்கும்போது மூக்கில் முகமூடி கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

வலை சிக்குவதற்கு மருந்து, வலை ஓடும் பாதையில் மணலே போடாமல் விடுவது. அணியத்தில் (படகின் முன்பக்கம்) நிற்கும் இடம், அமரத்தில் (பின்பக்கம்) இன்ஜின் இழுக்க நிற்கும் இடம், ஐஸ் பெட்டியைச் சுற்றி, இங்கெல்லாம் மணல். வலை இழுக்கும் விளிம்பும் அதற்கு உள்பக்கம் ஒரு முழமும் வழவழப்பாகவே இருக்கட்டும். படகு முழுக்க ஒரே மாதிரி அடிப்பது பார்க்க அழகு, வலைக்காரருக்கு நஷ்டம்.

முட்டிக்கு மிக மெத்தையான வழி ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பார்கள். மணலுக்குப் பதிலாகச் சர்க்கரை. ஈரமான இரண்டு டப்பாப் பெயின்ட் மேல் தூவி, நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் சர்க்கரை கரைந்துபோய்ச் சின்னச் சின்னக் குழிகள் மிஞ்சும். கழன்று வர மணலே இல்லை. உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் செய்வது. நம் துறைமுகத்தில் ஒரு சிறு பலகையில் செய்து பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் காயும் வரை எறும்பைக் காவல் காப்பதே பெரும்பாடு.

வெளுத்து, கையில் மாவாக ஒட்டுகிறது

எபாக்சியைக் கடைசிக் கோட்டாக விட்டிருக்கிறார்கள். அது ஒட்டுவதில் கில்லாடி, வெயிலுக்கு ஆகாது. கழுவி, தேய்த்து, மேலே பி.யு. ஒரு கோட்டு. இரும்புத் தளத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு கிளம்பினாலும் ஏறக்குறைய இதே பாதை: துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்த அன்றே எபாக்சி பிரைமர்.

சரி, புதிதாக அடிக்கப் போகிறீர்கள்

கையில் காசு குறைவு, வருஷா வருஷம் அடிக்கத் தயார் என்றால் எனாமலும் மணலும் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று நான்கு வருஷம் தொடக் கூடாது என்றால் எபாக்சி பிரைமர், மேலே இரண்டு டப்பா பி.யு. இன்டர்டெக் போன்ற ஒற்றை டப்பா டெக் பெயின்டில் நுண்ணிய துகள் உள்ளேயே கலந்து வரும். சின்னப் படகுக்கு வசதி, அடிக்கடி கிளற வேண்டும் அவ்வளவுதான். நிறம் வெளிர் சாம்பலோ கிரீமோ. கரும்பச்சையும் சிவப்பும் அழகுதான், பதினொரு மணிக்கு மேல் அதில் வெறுங்காலில் நின்று பாருங்கள். சுத்த வெள்ளை கண்ணைக் கூசும்.

காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, தளம் சூடேறும் முன் முடித்துவிடுங்கள். மழை மூட்டமும் புழுக்கமும் சேர்ந்த நாளில் பி.யு. டப்பாவைத் திறக்காதீர்கள், ஈரம் பட்டால் நுரைத்துப் புள்ளி புள்ளியாகக் காயும். கலந்த பெயின்ட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது பொதுவாக 20, 25 டிகிரிக் கணக்கு. நம்மூர் 35 டிகிரியில் அது பாதியாகிவிடும், அதனால் அரை லிட்டர் அரை லிட்டராகக் கலக்குங்கள்.

மாஸ்கிங் டேப் ஒட்டும்போது தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றியும் இரும்புச் சாமான்களைச் சுற்றியும் இரண்டு விரல் அகலம் வழவழப்பாக விடுங்கள், அழுக்கு வடிந்து போகும், கழுவவும் சுலபம். டேப்பின் மூலைகளை ஒரு டம்ளரை வைத்து வட்டமாக வெட்டினால் அந்த இடம் சீக்கிரம் உரியாது. அணியத்தில் தொடங்கி இறங்கும் பக்கமாக வாருங்கள். தன் பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்ற பெயின்டரைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள்.

பி.யு. அடிக்கும்போது ரசாயன ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், துண்டைக் கட்டினால் போதாது. ஐஸ் பெட்டிக்குள்ளோ அடித்தளத்துக்குள்ளோ இறங்கி அடிப்பதானால் இன்னும் கவனம்: தின்னர் ஆவி கனமானது, பள்ளத்தில் தேங்கும். மேலே ஒரு ஆள் நிற்காமல் இறங்க வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

நடக்க 24 மணி நேரம். ஐஸ் கட்டையும் மீன் கூடையும் இழுக்க ஏழு நாள். தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கும்போது வந்து, “அண்ணே, பதினஞ்சாம் தேதி கடலுக்குப் போகணும்” என்பவர்களிடம், கழுவி, மணல் போட்ட ரப்பர் பாயை விரித்துக்கொண்டு இந்தத் தடவை போங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

மிஞ்சின பெயின்டையும், சலித்து வைத்த மணலில் இரண்டு கைப்பிடியையும் மூடி இறுகிய டப்பாக்களில் போட்டு, எந்தப் பெயின்ட், எந்தத் தின்னர், எந்தத் தேதி என்று மேலே எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ஒரு சாண் இடம் உரிந்தால் ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும். ஹார்டனர் டப்பா மட்டும் திறந்த பிறகு நாள் தாங்காது, அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.